ஸ்டவ் வாஷர் போட்ட உறிஞ்சி

ரேடியோவுக்குள் ஒரு சாமானை ஈயத்தால் பற்றவைக்க ஒரு கையை வைத்துக்கொண்டு எப்படியாவது சமாளித்துவிடலாம். பற்றவைத்ததைக் கழற்றுவதற்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் சூடான சால்டரிங் அயர்ன், இன்னொரு கையில் உறிஞ்சி. ஈயம் உருகித் தண்ணீர் மாதிரி பளபளவென்று நிற்கும்போது உறிஞ்சியின் மூக்கை அதன்மேல் வைத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். உள்ளே சுருள்கம்பி விடுபட்டுத் தண்டு மேலே ஏறும். ஈயம் உள்ளே போய்விடும். கொஞ்சம் தாமதித்தால் ஈயம் மறுபடியும் கல்லாகிவிடும்.

என் வீட்டுக்காரருக்கு அந்த இரண்டாவது கை 2004ஆம் வருஷம் வெயில் காலத்தில் போயிற்று.

அவர் ரேடியோ மெக்கானிக். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் ஊரில், தெருப்பக்கத்து அறையில் ஒரு மேசை போட்டு வேலை செய்தார். ரேடியோ, டேப், கோயில் மைக்செட்டு எல்லாம் வரும். ஊரில் பாதிப் பேர் பாத்தியில் இறங்கி உப்பு வாரப் போக, இவர் மட்டும் நிழலில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் என்று ஒரு பேர் இருந்தது. நான் உப்பளத்தில் தலைச்சுமை எடுத்தவள். "மைக்செட்டுக்காரன் பொண்டாட்டி உப்பு சுமக்கறா பாரு" என்றவர்களிடம், "என் தலை, என் கூடை, உனக்கு இன்னா நோவுது?" என்று கேட்டிருக்கிறேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. சுனாமி வந்தபோது அரிசிக்காக ஊரே வரிசையில் நின்றது, அப்போதும் நான் போகவில்லை. இது பெருமைக்குச் சொல்வதுதான். வேறு பெருமை எனக்கு அதிகம் கிடையாது. எழுத்துகூட எழுத்துக்கூட்டித்தான் வரும்.

ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டு நின்றவர் இடது பக்கமாகச் சரிந்தார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தோம். பேச்சு குழறினாலும் வந்துவிட்டது. காலை இழுத்து இழுத்து நடந்தார். இடது கை வரவில்லை. அதை எடுத்து மேசைமேல் வைத்தால் அங்கேயே இருக்கும், எடுத்து வைக்காவிட்டால் தொங்கும்.

"வந்த சாமான எல்லாம் ஆளாளுக்குத் திருப்பிக் குடுத்துடு" என்றார். "ஒத்தக் கையால சோறு திங்கலாம். அதுக்கப்புறம் கழுவறதுக்கே உன்ன கூப்பிடணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு ஒரு நாள், ஏதோ சும்மா கேட்பது போல, "எலி மருந்து எங்க வெச்சிருக்க?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் எலியே கிடையாது.

அதைக் கேட்ட பிறகு நான் உப்பளத்துக்குப் போகவில்லை. இந்த மனுஷனை அந்த மேசைக்கு முன்னால் உட்கார வைக்காவிட்டால் இவர் எனக்கு இல்லை என்பது தெரிந்துவிட்டது. மறுநாள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"உறிஞ்சிய நான் புடிக்கிறேன். நீங்க சூடு வைங்க."

"இன்னாடி, விளையாடறியா?"

"உப்புக் கூடைய புடிச்ச கை. இத்தப் புடிக்காதா?"

"கூடைய தூக்கறது மாதிரியா இது? நேரம் பாத்து அழுத்தணும்."

"நேரத்த நீங்க சொல்லுங்க. அழுத்தறது என் வேல."

ஒரு பழைய போர்டை எடுத்து வைத்துக்கொண்டோம். அவர் சூடு வைத்து "ம்" என்பார், நான் அழுத்துவேன். முதலில் எல்லாம் தப்பியது. மூக்கு வழுக்கும், அல்லது "ம்" சொன்ன பிறகு என் கட்டை விரல் யோசித்துக்கொண்டிருக்கும். "ஏய், அது வெந்துபோச்சு, நீ இன்னும் முகூர்த்தம் பாத்துக்கினு கீற" என்று திட்டுவார். திட்டட்டும் என்றிருந்தேன். திட்டுகிற மனுஷன் எலி மருந்து கேட்க மாட்டார்.

கொஞ்ச காலத்தில் "ம்" தேவைப்படவில்லை. ஈயத்தின் பளபளப்பைப் பார்த்தே என் விரல் அழுத்தியது. அவர் வேலைக்கு உட்காரும்போது, "எங்க என் இடது கை?" என்று சமையல்கட்டைப் பார்த்துக் கூப்பிடுவார்.

"சோறு போடறவள இடது கைன்னு சொல்றீங்களே, வெக்கமா இல்ல?" என்று கேட்பேன்.

"சரி, சோத்துக் கை கொஞ்சம் இப்படி வாம்மா."

அந்த உறிஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சவுதியிலிருந்து வந்த கோட்டக்குப்பத்து பாய் ஒருவருக்கு டேப் சரி செய்து கொடுத்ததற்கு, அவர் அடுத்த முறை வரும்போது கொண்டுவந்து கொடுத்தது. விரல் மொத்தத்தில் அலுமினியக் குழாய். உள்ளே ஒரு தண்டு, ஒரு சுருள்கம்பி, தண்டின் நுனியில் ஒரு ரப்பர் வளையம். முன்னால் வெள்ளை மூக்கு, சூட்டுக்கு உருகாது. தண்டை உள்ளே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், பொத்தானைத் தட்டினால் துள்ளி மேலே ஏறும். அவர் அதைச் சக்கர் என்பார். எனக்கு உறிஞ்சி.

எங்கள் ஊர்க் காற்றில் எந்த இரும்பும் நிலைப்பதில்லை. உப்பளத்திலிருந்து வருகிற காற்று துவைத்த துணியையே நாக்கில் வைத்தால் கரிக்கும்படி செய்துவிடும். சுருள்கம்பி துருப்பிடிக்கும், அலுமினியத்தில் வெள்ளையாகப் பூக்கும். அதனால் உறிஞ்சியை அடிக்கடி திறக்க வேண்டும். திறந்து தட்டினால் உள்ளே போன ஈயமெல்லாம் தவிடு மாதிரி கொட்டும். அதை ஒரு டப்பாவில் போட்டு மூடிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுப்பண்டை போகலாம் என்பது அவர் வைத்த கட்டளை. மூக்கு ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி, குழாயை உலர்ந்த துணியால் துடைத்து, வளையத்துக்கு மட்டும் ஒரு கடுகளவு கிரீஸ் தடவ வேண்டும். அந்த வேலையும் என் கைக்கு வந்துவிட்டது.

சுனாமி வந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்தது. மேசை நனையவில்லை. கடலோரக் குப்பத்தில் நடந்ததை நான் சொல்லப் போவதில்லை, அது அவர்கள் சொல்ல வேண்டியது. தை பிறந்த பிறகு ரேடியோக்கள் வர ஆரம்பித்தன. சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார்கள். திறந்தால் மணலும் பாசியும் இருக்கும், சில பெட்டிகளில் செத்த நண்டுகூட இருந்தது. பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. உப்புத் தண்ணீர் செம்பைத் தின்றிருக்கும். "இதுவும் போயிடிச்சும்மா" என்று அவர் சொல்லச் சொல்ல, கொண்டுவந்தவர்கள் சாக்கை மறுபடியும் கட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். வீட்டில் ரேடியோவைத் தவிர வேறெதுவும் மிஞ்சாதவர்களும் அதில் இருந்தார்கள்.

குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மா வருவாள். வாய் கொஞ்சம் நீளம். அவள் புருஷன் மறுபடியும் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தான். ரேடியோவில் கடல் சேதி கேட்காமல் அவனை அனுப்ப மாட்டேன் என்று அவள் பிடிவாதம். அவளுடைய ரேடியோவும் தண்ணீர் குடித்ததுதான், ஆனாலும் போர்டு பிழைத்திருந்தது. பாதி சாமான்களைக் கழற்றி மாற்ற வேண்டும்.

"ஏன்க்கா, ரெண்டு பேருமா சேந்து ஒரு ரேடியோவ புடிச்சுக்கினு கீறீங்களே, குழந்தைக்குக் காது குத்தற மாதிரி" என்று கிண்டல் செய்தாள்.

"அழுதா நீ வந்து மடியில வெச்சுக்க" என்றார் இவர்.

"நீ பாட வெய்யி அண்ணே, நான் தோள்ல போட்டுக்கறேன். அது இல்லன்னா அந்தாளு சொல்லாம கொள்ளாம கட்டுமரத்த தள்ளிக்கினு பூடுவான்."

அந்த ரேடியோ பாதி திறந்து மேசையில் இருந்தபோதுதான் வானூரில் கட்டிக் கொடுத்த மகள் வீட்டுக்குப் போனோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது அவருடைய தம்பியிடம். உப்பளத்து மனுஷன். உப்புத் தண்ணீர் இறைக்கிற இன்ஜினை ஓட்டுகிற வேலை. பாத்தி வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாயந்தரம் கரையேறும்போது மண்வெட்டி, கடப்பாறை எதுவானாலும் நல்ல தண்ணீரில் அலசி, இன்ஜினிலிருந்து எடுத்த கருப்பு வேஸ்ட் ஆயிலைப் பூசித்தான் வைப்பார்கள். பூசாமல் வைத்தால் மறுநாள் காலையில் துருவேறி மஞ்சளாக நிற்கும். அண்ணன் சாமானும் இரும்புதானே, அண்ணன் வருவதற்குள் நாமே செய்து வைப்போம் என்று தம்பி நினைத்தார். மேசையில் இருந்த குறடு, திருப்புளி எல்லாவற்றையும் அலசிப் பூசினார். உறிஞ்சியைப் பூசவில்லை. அதன் வாயைத் திறந்து நிறைய ஊற்றி வைத்தார்.

நாங்கள் திரும்பி வந்த மறுநாள் வேலைக்கு உட்கார்ந்தோம். குறடு வழவழவென்று இருந்ததைப் பார்த்து, "தம்பி தொட்டிருக்கான்" என்று மட்டும் சொன்னார். அவர் சூடு வைத்தார். நான் உறிஞ்சியின் தண்டை அழுத்தினேன், வழக்கத்துக்கு மாறாகக் கனமாக இறங்கியது. மூக்கிலிருந்து கருப்பாகச் சொட்டியது. சூடான நுனியில் பட்டுப் புகை கிளம்பியது. மீன்காரம்மா ரேடியோவின் போர்டு முழுக்க எண்ணெய். பொத்தானைத் தட்டினேன். தண்டு ஏறவில்லை. வளையம் எண்ணெயைக் குடித்து ஊதி, குழாய்க்குள் இறுகிப்போயிருந்தது.

அதை என் கையிலிருந்து பிடுங்கி, மேசை விளிம்பில் முட்டுக் கொடுத்து வலது கையால் இழுத்தார். பல்லைக் கடித்து இழுத்தார். தண்டு வந்தது. வளையம் இரண்டாகக் கிழிந்து வந்தது.

கட்டை விரலால் அந்தக் கிழிசலை ஒரு தடவை தடவினார். பிறகு உறிஞ்சியைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார். எறிந்திருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது.

"இந்தக் கையும் போச்சு" என்றார். போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் இல்லை. கஞ்சி கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்வார். தம்பி வந்து வாசற்படியில் நின்று தலையிலடித்துக்கொண்டார்.

"அண்ணி, நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். மண்வெட்டிக்கு செய்யற மாதிரி செஞ்சுட்டேன்."

"அவரு காதுல வுழாம பேசு."

"நான் பாண்டி போயி புதுசா வாங்கியாறேன்."

வாங்கியும் வந்தார். மஞ்சள் பிளாஸ்டிக். அதைத் தட்டினால் கழுதை உதைக்கிற மாதிரி துள்ளியது. பழைய போர்டில் வைத்துப் பார்த்தேன், மூக்கு எகிறிப் போர்டின் செம்பை உரித்துவிட்டது. கட்டிலண்டை கொண்டுபோய்க் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாத்தையும் குடுத்து அனுப்பிடு" என்று சுவரிடம் சொன்னார். போன வருஷம் சொன்ன அதே வார்த்தை. அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

தம்பியைக் கட்டில் பக்கத்தில் உட்கார வைத்தேன். "நீ எழுந்து போனா உன் அண்ணனுக்கு நான் ஜவாப்புதாரி இல்ல" என்று சொல்லிவிட்டு, பழைய உறிஞ்சியை எடுத்துக்கொண்டு சமையல்கட்டில் உட்கார்ந்தேன்.

முதலில் எண்ணெய் போக வேண்டும். சுருள்கம்பி, குழாய், தண்டு எல்லாவற்றையும் சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் கழுவினேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும் என்பதால் குடிக்கிற தண்ணீரில் கடைசி அலசு. அடுப்பு வெக்கையில் காய வைத்தேன். துருவை உமிச்சாம்பல் வைத்துத் தேய்த்தேன். எல்லாம் சரியாயிற்று, வளையம் மட்டும் இல்லை. சைக்கிள் கடையில் கொடுத்த வால்வு டியூப் மெல்லிசு. மரக்காணம் கடைத்தெருவில் குழாய்க்குப் போடுகிற வளையங்களைக் காட்டினார்கள். ஒன்று உள்ளே போகவில்லை, ஒன்று போன வேகத்தில் விழுந்தது.

திரும்பி வந்து மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைக்க உட்கார்ந்தேன். அடித்தால் காற்று ஏறவில்லை. வெயில் காலத்தில் அப்படித்தான் ஆகும். பம்புக் கம்பியின் நுனியில் கிண்ணி மாதிரி ஒரு தோல் வாஷர் இருக்கும், அது காய்ந்து சுருங்கிவிடும். அதைக் கழற்றி, தேங்காய் எண்ணெய் விட்டு, விரலால் விளிம்பை அகட்டிப் போட்டால் மறுபடியும் பிடிக்கும். எத்தனையோ வருஷமாகச் செய்கிற வேலை, கைதான் செய்யும், புத்தி வேறெங்கோ இருக்கும். அன்றைக்கு அந்த வாஷர் என் விரலில் மாட்டியிருந்தபோதுதான் பார்த்தேன். இதுவும் குழாய்க்குள் ஓடுகிற தண்டு. அதுவும் குழாய்க்குள் ஓடுகிற தண்டு.

ஒரு புது வாஷரை எண்ணெயில் ஊறப்போட்டு, கத்தரியால் சுற்றி வெட்டி வெட்டி உறிஞ்சிக் குழாய்க்கு இறக்கினேன். அதிகம் வெட்டி ஒன்று பாழாயிற்று, அடுத்தது பிடித்தது. ஸ்டவ்வில் போடுகிற மாதிரியே கிண்ணியின் வாய் கீழே பார்க்கப் போட்டேன். மூக்கில் விரல் வைத்துத் தட்டினேன். தண்டு துள்ளியது, விரலில் ஒன்றும் தெரியவில்லை. சும்மா 'புஸ்' என்றது.

உள்ளே கட்டிலில் எந்த அசைவும் இல்லை. தம்பி எட்டிப் பார்த்தார்.

"ஆவலியா அண்ணி?"

"நீ உக்காரு."

மறுபடியும் தட்டினேன். மறுபடியும் புஸ். ஸ்டவ் காற்றைக் கீழே தள்ளுகிறது. இது மேலே இழுக்கிறது. அப்படியானால் கிண்ணி குப்புறக் கிடக்கிறது. கழற்றித் திருப்பிப் போட்டு, வாய் மேலே பார்க்க வைத்து மூடினேன். மூக்கில் விரலை வைத்துத் தட்டினேன். விரல் நுனித் தோலை அப்படியே கவ்வி இழுத்தது. வலித்தது. அந்த வலி எனக்கு அவ்வளவு இனித்தது.

கட்டிலண்டை போய், "ஆயிடிச்சு, எழுந்திருங்க" என்றேன். முதுகைக் காட்டியபடியே கிடந்தார். கெஞ்சுகிற பழக்கம் எனக்கு இல்லை. மேசையில் போய் உட்கார்ந்தேன். பஞ்சு எடுத்து மீன்காரம்மா ரேடியோவின் எண்ணெயை ஒற்றினேன். சால்டரிங் அயர்னை அதுவரை நான் கையில் பிடித்ததே இல்லை. சுவிட்சைப் போட்டு, வலது கையில் அதைப் பிடித்து, இடது கையில் உறிஞ்சியை வைத்துக்கொண்டேன். சூடு வைத்து அழுத்தினேன். டக் என்றது.

ஈயம் வரவில்லை. மறுபடியும் டக்.

"சீக்கிரம் அழுத்தற."

சுவரைப் பார்த்தபடியே சொன்னார். காலியாகத் துள்ளினால் அது கணீரென்று 'டக்' என்னும், ஈயம் உள்ளே போனால் மொத்தையாக 'டொக்' என்னும். அந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது. அவருக்குக் காதே போதும்.

நான் வேண்டுமென்றே அடுத்ததைத் தாமதித்தேன் என்று பிற்பாடு அவர் சொல்வார். இல்லை. எனக்கு உண்மையிலேயே வரவில்லை.

"ஏய், கருக்கிடுவடி! நுனிய எடு! அந்தம்மா ரேடியோடி அது!"

"யோவ், அப்ப நீ எழுந்து வாயேன்!" என்று நானும் கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. தம்பி வாயைப் பிளந்தார்.

கட்டில் கிறீச்சிட்டது. காலை இழுத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. தம்பி பிடிக்கப் போனதை, "வுடுடா, ஆயில்காரா" என்று தட்டிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, என் வலது கையிலிருந்து அயர்னை வாங்கிக்கொண்டார். உறிஞ்சியைக் காதண்டை காட்டச் சொல்லி, என்னை ஒரு தடவை தட்டவைத்துக் கேட்டார்.

"இன்னாடி போட்ட உள்ள?"

"ஸ்டவ் வாஷர்."

"தோலா?"

"தோலுதான்."

அயர்ன் நுனியைத் துணியில் துடைத்தார். சூடு வைத்தார். நான் அழுத்தினேன். டொக்.

அந்த ரேடியோ பாடியது. மீன்காரம்மா வந்து, சொன்னபடியே தோளில் போட்டுக்கொண்டு போனாள். அந்த வருஷமும் அடுத்த வருஷத்தில் பாதியும் நாங்கள் இரண்டு பேருமாக வேலை செய்தோம். தோல் காய்ந்தால் தேங்காய் எண்ணெய், தேய்ந்தால் புது வாஷர். எலி மருந்துப் பேச்சு வரவில்லை.

2006இல் மழை தொடங்கும் முன்பு பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. இந்தத் தடவை வலது பக்கம். பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். கட்டிலில் கிடந்தார், கண் மட்டும் இருந்தது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால் தெரிந்ததைச் செய்தேன். காலையில் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக இறக்கிவிட்டு, வாய் துடைத்து, அவர் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உறிஞ்சியைத் திறப்பேன். துடைப்பேன், எண்ணெய் விடுவேன், மூடுவேன். அவர் காதண்டை வைத்துத் தட்டுவேன். சத்தம் சரியாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்வார். எங்காவது காற்று ஒழுகினால் மூட மாட்டார், என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் திறந்து சரி செய்கிறவரை பார்வையை எடுக்க மாட்டார். ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள், கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. விழட்டும். எங்கள் வீட்டுப் பேச்சு அவர்களுக்கு எப்படிப் புரியும்?

கார்த்திகையில் ஒரு காலை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. கஞ்சி உள்ளே இறங்கவில்லை, பிறகு பார்க்கலாம் என்று ஓரமாக வைத்துவிட்டு உறிஞ்சியைத் தட்டினேன். என்னையே பார்த்தார். ஈரக் காற்றில் தோல் உப்பியிருக்கும் என்று திறந்து, விளிம்பை நீவி, மூடித் தட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். சுருள்கம்பியைத் துடைத்துப் போட்டேன். மூக்கைக் கம்பியால் குத்தினேன். டக். பார்வை மாறவில்லை. வாஷரையே மாற்றிவிடலாம் என்று புதுசை எடுத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது தம்பி உள்ளே வந்தார். அண்ணனைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், குனிந்து என் தோளைத் தொட்டார்.

"அண்ணி, அத்தக் கீழ வைங்க" என்றார்.

"இருப்பா," என்றேன். "இன்னும் எங்கியோ காத்து போவுது."